கப்பலேறி வந்த கொம்பன் ஆந்தை

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, உருளைக்கிழங்கு வாங்கப் போன இடத்தில் என் ஆந்தையைப் பார்த்தேன்.

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில் ஒரு மலிவு விலைக் கடை இருக்கிறது. காய்கறிக்கும் சலவைத் தூளுக்கும் நடுவே ஒரு நீளத் தொட்டியை வைத்து, வாரம் ஒரு சாமானாகக் கொட்டி வைப்பார்கள். ஒரு வாரம் சுவரில் துளை போடும் இயந்திரம், மறுவாரம் குதிரைச் சேணம், அதற்கடுத்த வாரம் இரவுச் சட்டை. குதிரைச் சேணத்தைத் தாண்டிப் போய்விடுவேன். துணியைத் தாண்டிப் போவது திருப்பூரில் பிறந்தவளுக்கு ஆகாத காரியம். கை தானாகப் போய்த் துணியை இரண்டு விரலில் தேய்க்கும். சட்டையைப் புரட்டி உள்தையலைப் பார்க்கும். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு, அது பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று காத்திருக்கும். கல்யாணத்துக்கு முன் என் அண்ணன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள் நான். வெளிநாட்டிலிருந்து வாங்குகிற பையருக்கும் தைத்துக் கொடுக்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது.

அன்றைக்கும் பழக்க தோஷத்தில் ஒரு சாம்பல் நிற இரவுச் சட்டையைப் புரட்டினேன். நெஞ்சில் ஓர் ஆந்தை என்னை முறைத்தது. கொம்பன் ஆந்தை. காதோர மயிர் இரண்டும் விறைத்து நிற்க, தலையைச் சற்றே சாய்த்து, இவள் எதற்கு இங்கே வந்தாள் என்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னைப் பார்த்த பார்வை. அதன் நகங்களுக்கு அடியில் இரண்டு கல் விரல்கள் தெரிந்தன. அவை யாருடையவை என்றும் எனக்குத் தெரியும். இந்தச் சிற்றூரின் பழைய தேவாலயத்து வெளிச்சுவரில் நிற்கும் கல் புனிதருடையவை. நான் எடுத்த புகைப்படத்தில் ஆந்தை அவர் கைமேல்தான் உட்கார்ந்திருந்தது. சட்டையில் புனிதரைக் காணோம். அவர் நின்ற இடத்தில் ஒரு மரக்கிளை முளைத்திருந்தது. அடியில் தங்க எழுத்தில் ஆங்கிலத்தில், ‘பி வைல்ட், பி யூ’ என்று ஒரு வாசகம்.

கழுத்துக்குள் விரலை விட்டு லேபிளைத் திருப்பினேன். மேட் இன் இந்தியா. இந்தியா பெரிய நாடுதான். ஆனால் பக்கத் தையல் முடிகிற இடத்தில் கூடுதலாக ஒரு சின்னக் குறுக்குத் தையல் இருந்தது. அண்ணன் கம்பெனியில் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே நான்தான்.

உருளைக்கிழங்கு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

2

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன பண்ணுவீங்க? நியாயமான கேள்வி. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. புல் வெட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் வரும். சத்தமில்லாமல் செய்யக்கூடிய காரியம் என்று மிஞ்சுவது காமெராதான். அப்படித்தான் நான் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன்.

சங்கத்துக்குத் தலைவர், பொருளாளர், எழுத்தர், அவர்களுக்கு ஒரு விதிப்புத்தகம். மாதம் ஒரு பயணம். ஒரு மாதம் சதுப்பு நிலத்தில் நாரை, ஒரு மாதம் கோட்டை, மழை மாதத்தில் அருங்காட்சியகம். நாரைக்காக எல்லாரும் குடுவையில் காப்பியோடு வரிசையாக உட்கார்ந்து மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். திருப்பூரில் இத்தனை பேர் இத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்தால் ஏதோ எழவு வீடு என்று பால் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அருங்காட்சியகத்தில் என் நிலைமை இன்னும் மோசம். பழைய ஓவியங்களில் சீமாட்டிகள் உடுத்தியிருக்கும் துணியைக் கிட்டே போய்ப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. கைப்பட்டி சேருகிற இடத்தில் ஓவியன் தையலைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று குனிவேன், உடனே அபாய மணி அடிக்கும். காவலுக்கு நிற்கும் பெண்மணிக்கு இப்போது என்னைத் தூரத்தில் பார்த்தாலே முகம் மாறுகிறது.

சங்கத் தலைவர் ஹெர் கோல்மான் (ஹெர் என்றால் நம் ஊர் ‘திரு’), ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர், தப்பு சொல்ல மாட்டேன். முதல் கூட்டத்தில் என் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து திரும்பி நின்று, தன் சட்டைக் காலரைப் புரட்டி, லேபிளை என்னை வாசிக்கச் சொன்னார். மேட் இன் இந்தியா. எல்லாரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து நான் டி-ஷர்ட் அம்மாள். கோட்டையைப் படம் எடுத்தாலும் டி-ஷர்ட் அம்மாள், கொக்கைப் படம் எடுத்தாலும் டி-ஷர்ட் அம்மாள். யாராவது புதிதாகச் சேர்ந்தால் காலர் புரட்டுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும். எங்கள் ஊர்த் தொழிலில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு தடவையாவது, நான் கண்ணால் பார்த்ததற்காக என்னை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசையை நிறைவேற்ற வந்ததுதான் கொம்பன் ஆந்தை. தேவாலயக் கோபுரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. பகலில் ஒன்று இறங்கி வந்து தெற்குச் சுவரில் நிற்கும் மூக்குடைந்த புனிதரின் கையில் உட்காரும். படம் எடுக்கத் தேவாலயத்திடம் ஓர் அனுமதி, இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திடம் ஓர் அனுமதி, முக்காலியை நடைபாதையில் வைக்க ஊராட்சியிடம் ஓர் அனுமதி. ஆந்தை மட்டும் யாரையும் கேட்காமல் குடியேறி, பிள்ளைகுட்டியோடு சர்க்கார் பாதுகாப்பில் இருந்தது. நாங்கள் குடியுரிமைக்கு அலைந்த அலைச்சலை நினைத்துக்கொண்டே அதன் கீழே குளிரில் நின்றேன். என் வீட்டுக்காரர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கும் வரலைன்னா ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?” என்று மரியாதையாகக் கேட்பார். குளிர் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் நின்று, கடைசியில் ஒரு நாள் வெயில் பக்கவாட்டில் விழ, ஆந்தை தலையைச் சாய்த்து என்னைப் பார்க்க, புனிதர் அதை ஏந்திக்கொண்டு நிற்க, எடுத்தேன்.

சங்கத்துக்கு வருடம் ஒரு கண்காட்சி, நகர மண்டபத்தில். என் படங்கள் வழக்கமாகக் கழிப்பறைக்குப் போகும் வழியில் தொங்கும். அங்கே நல்ல கூட்டம், ஆனால் எவரும் நிற்பதில்லை. இந்த வருடம் ஆந்தைக்குப் பெரிய சுவர் என்று முடிவாயிற்று. வாசலில் நுழைந்ததும் எதிரே இருக்கிற, தனி விளக்குப் போட்ட சுவர். ஒரே ஒரு நிபந்தனை: படம் இதற்குமுன் எந்த வியாபாரத்துக்கும் அச்சாகியிருக்கக் கூடாது. நான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்காட்சிக்குச் சில வாரங்களே இருக்கையில்தான் உருளைக்கிழங்கு வாங்கப் போனேன்.

3

இதில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அண்ணனுக்குப் படம் என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும். எங்கள் குடும்ப ஆல்பத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற கட்டடங்கள் அத்தனையும் இருக்கின்றன, எல்லாமே எங்கள் மாமன் மச்சான்களின் தோளுக்குப் பின்னால். போன தடவை ஊருக்குப் போனபோது, கொமரலிங்கம் பக்கம் அமராவதிக் கரையில் மயில் எடுக்கப் போகலாம் என்றேன். அண்ணன் கம்பெனி வேனையே எடுத்து வந்தார். நெல் வயலில் மயில்கள் நிற்க, நான் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து காமெராவைத் தூக்கினால், பின்னால் ஒரு விவசாயி.

“ஏனுங்க, ஃபாரஸ்ட் ஆபீஸுங்களா?”

“இல்லீங்க. சும்மா மயிலைப் போட்டோ எடுக்கறேனுங்க.”

“மயிலை எடுத்து என்னங்க பண்றது? அது தின்ன காட்டை எடுங்க.”

கையோடு கூட்டிப் போய் மயில் தின்ற மக்காச்சோளம், மிதித்த நிலக்கடலை, கிளறிய பாத்தி என்று வரிசையாக எடுக்க வைத்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மனுக் கொடுக்கிற முகத்தோடு அவரே நின்றார். அண்ணனுக்கு ரொம்பத் திருப்தி. படத்தில் ஆள் வந்துவிட்டாரே.

திரும்பும் வழியில் கணியூரைத் தாண்டி ஒரு பழைய சிவன் கோயிலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சிறு வயதில் பார்த்த கல் தூண்களை எடுக்க ஆசை. உள்ளே போனால் தூண் யாளி பச்சை நிறத்தில், சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பளபளவென்று எனாமலில் நிற்கிறது. அண்ணன் பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நம்ம டொனேஷன்தான் அம்முணி. கலரெல்லாம் நாந்தான் செலக்ட் பண்ணுனேன். எப்புடி இருக்குது?”

கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நிறத்தைக் காட்டி எப்படி என்று ஒருவர் கேட்டுவிட்டால், என்னுள் இருக்கும் பழைய மெர்ச்சண்டைசர் முந்திக்கொள்வாள். “நாக்குக்குச் சிவப்பு கொஞ்சம் ஜாஸ்திங்ணா” என்றேன். நான் ஜெர்மனி திரும்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நாக்கை மட்டும் மாற்றி அடித்திருந்தார். கூடவே, உள்ளே இருந்த இன்னும் நாலு தூணுக்கும் அதே பச்சை. நான் மற்றதெல்லாம் சரி என்று சொல்லிவிட்டதாக அவருக்குக் கணக்கு.

இது அண்ணனுடைய தனிப்பட்ட கோணல் இல்லை. தொழிலே அப்படித்தான். பிரிண்ட் போடுவதற்கு முன் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்க்கும் மாதிரியைக் கம்பெனியில் ஸ்ட்ரைக்-ஆஃப் என்போம். அதைப் பார்த்து, இதில் இன்னதை மாற்று என்று ஒருவர் சொல்லிவிட்டால், மாற்றச் சொல்லாத அத்தனைக்கும் சம்மதம் என்று அர்த்தம். மறுநாளே மொத்தச் சரக்கும் மிஷினில் ஏறிவிடும். அதைத்தான் பல்க்குக்குப் போய்விட்டது என்பார்கள். பல்க்குக்குப் போனதை நிறுத்த யாராலும் ஆகாது.

ஆந்தைப் படத்தை எடுத்த உற்சாகத்தில் நான் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். அண்ணனிடமிருந்து உடனே பதில். “ஆளைக் காணமே அம்முணி. அதும் வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஆந்தையப் போட்டிருக்கறே. அம்மா பாத்தா சாமிக்குக் காசு முடிஞ்சு வெக்கும். எடுத்துரு.” எடுத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு துண்டுத் துணியில் ஆந்தையின் முகம் மட்டும் அச்சாகி வாட்ஸ்அப்பில் வந்தது. “கலர் எப்புடி?” என்று கேட்டிருந்தார். ஆந்தையைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னதற்குச் சமாதானமாக எனக்கு ஒரு சட்டை அடித்து அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். மனசு குளிர்ந்துபோயிற்று. குளிர்ந்த மனசோடு பதில் போட்டேன்.

“கண்ணில் ஆரஞ்சு ஒரு டோன் குறைக்கணும். மத்தபடி ஓகே.”

4

கடையிலிருந்து வந்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, என்னுங்ணா இது? ஆந்தை இங்கெ கடையில கெடக்குது.”

“வந்துருச்சா? கழுத்துப் பட்டி எப்புடி நிக்குது?”

“நான் அதக் கேக்கலீங்ணா. என்ற படத்தை யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“உன்னையக் கேட்டுத்தான். நீதானே அம்முணி ஓகே போட்டே. இருக்குது பாரு வாட்ஸ்அப்புல.”

அண்ணன் பொறுமையாக விளக்கினார். “ஜெர்மனி பையரு வந்துருந்தாங்க. காடு, குளிரு, அவீங்க ஊரு மாதிரி ஏதாச்சும் டிசைன் வேணுமின்னாங்க. மயிலக் காட்டுனேன், கிளியக் காட்டுனேன், ஒண்ணும் புடிக்கலை. அப்பறம் உன்ற ஆந்தையக் காட்டுனேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னுருச்சு.”

“ஆந்தை ஆகாதுன்னு சொன்னது நீங்கதானுங்ணா.”

“நமக்கு ஆகாது. இது எக்ஸ்போர்ட்டுக்குத்தானே.”

“அந்தச் சாமி செலை?”

“மதம் வேண்டாமின்னுட்டாங்க. அதனால அவரை எடுத்துட்டு மரக்கெளை வெச்சாச்சு. வெரலு ரெண்டு விட்டுப்போச்சு. அத யாரு பாக்கப் போறாங்க?”

நான் இதை யோசித்துப் பார்த்தேன். ஜெர்மன் ஆந்தை ஒன்றைத் தேடி ஜெர்மன்காரர்கள் விமானமேறித் திருப்பூருக்குப் போகிறார்கள். திருப்பூர்க்காரி ஒருத்தி ஜெர்மனியில் குளிரில் நின்று எடுத்த ஆந்தையை அங்கே பார்த்து வாங்குகிறார்கள். அது கப்பலேறி, கடல் தாண்டி, தான் கூடு கட்டியிருக்கும் கோபுரத்துக்கு நாலு தெரு தள்ளி உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறது. இத்தனை சுற்றுக்கு அதற்கு ஒரு விசாகூடத் தேவைப்படவில்லை.

சண்டை போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் பெரிய சுவர். சங்கத்தில் யாராவது ஒருவர் அந்தச் சட்டையைப் பார்த்தால் போதும், படம் இறங்கிவிடும். உறுதிமொழியில் பொய் எழுதினேன் என்பார்கள். அதைவிட, டி-ஷர்ட் அம்மாளின் படம் டி-ஷர்ட்டில் வந்துவிட்டது என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருந்தது.

5

எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற அந்தக் கடையின் கிளைகளில் கிடக்கும் சட்டை அத்தனையையும் நாமே வாங்கிவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் பொறியாளர். ஒரு நிமிடம் யோசித்து, “காரு டிக்கி பத்துமான்னு பாக்கணும்” என்றார். வேறு ஆட்சேபணை இல்லை.

முதல் கடையிலேயே பிரச்சினை வந்தது. தொட்டியிலிருந்து சட்டைகளை அள்ளிக் கூடையில் போடுகிறேன். ஒன்றில் கழுத்துப் பட்டி கோணலாக ஏறியிருந்தது. அதை ஒதுக்கி வைத்தேன். இன்னொன்றில் நூல் பிசிறு. ஒதுக்கினேன். வேறொன்றில் கை நீளம் சமமில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் வாங்கறதுக்குத்தானே வந்தோம்?”

“அதுக்காகக் கழிவுப் பீஸைக் காசு குடுத்து வாங்க முடியுமுங்களா?”

அவர் வண்டியைத் தள்ளினார். நான் செய்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியத்தான் செய்தது. ஆனால் கோணல் கழுத்துப் பட்டியைப் பார்த்த பிறகு அந்தச் சட்டையைக் கூடையில் போட என் கை வரவில்லை. ஒதுக்கியதை ஒழுங்காக மடித்து, ஆந்தை மேலே தெரியும்படி, தொட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன். மடிக்காமல் போடவும் எனக்கு வராது.

இரண்டாவது கடையில் ஒரு பெண்மணி ஆந்தைச் சட்டை ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கீழே வைத்தால் எடுத்துவிடலாம் என்று நின்றேன். அவர் வைக்கவில்லை. ஆந்தையைப் போலவே தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. கழிப்பறை வழியில் தொங்கிய இத்தனை வருடத்தில் என் படம் எதையும் யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. “துவைத்தால் கொஞ்சம் சுருங்கும், ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை போனால் தொட்டிகளில் சாமான் மாறவில்லை, மறுபடி ஆந்தையே நிறைந்திருந்தது. மறுபடி வாங்கினோம். அடுத்த வாரமும் நிறைந்தன. நிலவறையில் மூட்டை மூட்டையாக ஆந்தை அடைந்தது.

அந்த வார இறுதியில் என் மகள் கயல் வந்தாள். வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பழைய துணிக் கடையில் வாங்கியதைத் தவிர வேறு எதையும் உடுத்த மாட்டாள். புதுத் துணி பூமிக்குக் கேடு. கடைசியாகத் திருப்பூருக்கு வந்தபோது, இலையில் சோறு போட்டதும் மாமாவிடம் சாயத் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்டாள். வார இறுதித் தமிழ் வகுப்பில் கற்ற தமிழ், அதனால் செய்தி வாசிப்பது போலத்தான் பேச வரும். “மாமா அவர்களே, நீங்கள் ஆற்றை எவ்வாறு பாதுகாக்கிறீர்கள்?” அண்ணன் பதறாமல், “சாப்புடு கண்ணு, ஆறிப்போயிரும்” என்றார். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் குறைந்துவிட்டது. என்னோடும்தான். என் காமெரா மட்டும் அவளுக்குப் பிடிக்கும், அதில் எதுவும் தைப்பதில்லை என்பதால்.

சைக்கிள் பம்பு தேடி நிலவறைக்குப் போனவள் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்கள் வாங்கினால் அவர்கள் மேலும் தயாரிப்பார்கள். இது தங்களுக்குத் தெரியாதா?”

நான் பதில் சொல்வதற்குள் அண்ணனிடமிருந்து அழைப்பு. கை நிறையப் பாத்திரம் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அம்முணி, சந்தோஷமான சமாச்சாரம். ஆந்தை பிச்சுக்கிட்டுப் போகுதாம். அதும் உன்ற ஊருப் பக்கந்தான் ஜாஸ்தியாம். எந்த மாநிலத்துலயும் இந்த மாதிரிப் போகலையாம். பையரு ரிப்பீட் ஆர்டர் குடுத்துட்டாங்க. இந்த வாட்டி நைட் பேண்ட்டுஞ் சேத்து.”

கயல் சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது.

“யாரு கண்ணு அது, கயலா?” என்றார் அண்ணன்.

“ஆம், மாமா. தங்களுடைய சிறந்த வாடிக்கையாளர் என் தாயார்தான்.”

“ஏன் கண்ணு நூஸ் வாசிக்கறே?” என்றார் அண்ணன். அதற்கும் சிரித்தாள்.

6

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு படங்களை மாட்டும் வேலை. பெரிய சுவரில் என் ஆந்தை ஏறியிருந்தது. அடியில் தலைப்பும் என் பெயரும் ஒட்டிய அட்டை. மேலே விளக்கு. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் பெயரை இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

ஹெர் கோல்மான் ஒரு துணிப்பையோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“என் மனைவி எனக்கு ஒரு பரிசு வாங்கி வந்தாள். உங்கள் படத்தைப் போலவே இருக்கிறதாம்” என்று பைக்குள்ளிருந்து உருவி விரித்தார். கழுத்துப் பட்டி கோணலாக ஏறிய சட்டை. நான் ஒதுக்கி, மடித்து, முகம் தெரிய வைத்துவிட்டு வந்த அதே சட்டை.

‘போலவே’ என்பதோடு அவர் திருப்தியாக நின்றுவிட்டிருந்தார், அதே படம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் பேசாமல் இருந்தே தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கணக்கு வாத்தியார். சட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். நகத்துக்கு அடியில் இருந்த இரண்டு கல் விரல்களில் அவர் கண் நின்றது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. செயற்குழுவைக் கூட்டினார். இரவுச் சட்டையில் அச்சாவது பிரசுரமா, தூங்கும்போது மட்டும் உடுத்துவதைப் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததாகக் கொள்ளலாமா என்று காப்பி ஆறும்வரை விவாதித்தார்கள். முடிவில், என் மேல் குற்றம் இல்லை, ஆனால் விதி விதிதான் என்று படத்தை இறக்கினார்கள். அந்த இடத்தில் வேறு படம் மாட்டவும் வழியில்லை. எந்தச் சுவரில் எந்தச் சட்டகம் என்று தீயணைப்புத் துறை பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம் அது. மாற்ற வேண்டுமானால் புதிய விண்ணப்பம், அதற்கு மூன்று வாரம் ஆகும். எனவே அட்டை அப்படியே இருக்கும், விளக்கு அப்படியே எரியும், நடுவில் மட்டும் வெறும் சுவர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வேறு என்ன செய்வது?

7

திறப்பு விழாவுக்கு நான் போக மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர், “போகாட்டிப் படம் எடுத்தவ யாருன்னே தெரியாமப் போயிரும், வாங்க போலாம்” என்றார். வாங்க என்று அழைத்ததால் போனேன். கயல், தான் ரயிலில் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. வருகிற எல்லாரும் வாசலில் நுழைந்ததும் முதலில் வெறும் சுவரைத்தான் பார்த்தார்கள். சிலர் அட்டையைப் படித்துவிட்டு நவீனக் கலை போலிருக்கிறது என்று தலையாட்டினார்கள். நான் கழிப்பறைப் பக்கம் என் வழக்கமான இடத்தில் ஒதுங்கி நின்றேன்.

கயல் வந்தாள். கனத்த மேல்கோட்டு போட்டிருந்தாள். நேரே பெரிய சுவருக்குப் போனாள், கோட்டைக் கழற்றித் தன் அப்பாவிடம் கொடுத்தாள், சுவரோடு ஒட்டி நின்றாள். விளக்கு அவள் மேல் விழுந்தது. உள்ளே ஆந்தைச் சட்டை. புதுத் துணியைத் தொட மாட்டேன் என்றவள், நிலவறை மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தோளுக்குப் பக்கத்தில் என் பெயர் எழுதிய அட்டை.

ஹெர் கோல்மான் விதிப்புத்தகத்தை நினைக்கிற முகத்தோடு அவளை நெருங்கினார்.

“நீங்கள் இங்கே நிற்கக் கூடாது” என்றார்.

“நான் படம் இல்லை, பார்வையாளர்” என்றாள் கயல், அவர்கள் மொழியில், அவர்களைவிடச் சுத்தமாக. “பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?”

அவர் யோசித்தார். இல்லை போலும். கயல் தானே திரும்பி நின்று கழுத்துப் பட்டியைப் புரட்டி லேபிளை அவரிடம் காட்டினாள்.

“வாசியுங்கள். என் மாமா தைத்தது. முன்பக்கம் என் அம்மா பார்த்தது. அட்டையில் பெயர் இருக்கிறது.”

அவர் லேபிளை வாசித்தார். பிறகு குனிந்து அட்டையை வாசித்தார். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை சரியாக. பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார். எல்லாரும் திரும்பினார்கள். யாரும் கை தட்டவில்லை. பார்த்தார்கள். மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பையில் காமெரா இருந்தது. எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அண்ணன் சொல்படி, படத்துக்குள் ஆளை வைத்து எடுத்தேன். எடுத்ததைக் குடும்பக் குழுவில் போட்டேன். அண்ணனுக்கு அங்கே வேலை நேரம் முடிந்திருக்கும். உடனே பதில் வந்தது. “இதுதான் அம்முணி படம். கயல்தானே அது? எத்தனை அழகா இருக்குது என்ற தங்கம். ரிப்பீட்டு நாளைக்கு மிஷின்ல ஏறுது. எதாச்சும் சொல்லோணுமா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பொறுக்கி எடுத்த சட்டை, கழுத்துப் பட்டி நேராக நின்றது. தையல் சுத்தம். இரண்டு கல் விரல்களும் விளக்கில் நன்றாகத் தெரிந்தன. ஆனால் ஆந்தையின் கண் அப்படியே இருந்தது. நான் சொன்னதை அண்ணன் திருத்தவே இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டினேன்.

“வெரல் ரெண்டும் இருக்கட்டும், எடுத்துடாதீங்க. கண்ணுல ஆரஞ்சு ஒரு டோன் குறைக்கணும். மத்தபடி ஓகே.”